பனைக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு பலகை

யாழ்ப்பாணத்து வேலணையில் ஒரு நண்பனின் வீடு. கனடாவில் இருக்கும் அண்ணன் காசு அனுப்ப, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செய்மதி இணையப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தான். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைச் சாமானை முற்றத்துக் கதிரையில் வைத்தோம். ஏறக்குறைய இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாரம். பின்பக்கம் மடக்கி விரிக்கும் ஒரு கால். குழி இல்லை, நீட்டிக்கொண்டிருக்கும் தலை இல்லை, திருகு இல்லை. விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா கேட்டார்: "இதென்ன தம்பி, சட்டி மாதிரிக் குழியா இல்லாமல் பலகை மாதிரிக் கிடக்கு? இதுக்குள்ளால எப்பிடிச் சிக்னல் வரும்?"

நான் அன்றைக்குச் சொன்னது அரைகுறைப் பதில். "அது புது மாதிரி, மாமி" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் மையம். செய்மதி இணையம் என்றதும் எல்லோரும் ரொக்கெற்றைப் பார்க்கிறார்கள், வானத்தில் வரிசையாக ரயில் பெட்டிபோலப் போகும் வெளிச்சப் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். பொறியியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது அவற்றைவிட இந்தப் பலகைதான் என்பது என் எண்ணம். வானத்தில் ஓடும் ஒன்றைக் கூரையில் அசையாமல் இருந்தே பிடிக்க வேண்டும், அதையும் ஒரு குடும்பம் வாங்கக்கூடிய விலையில் செய்ய வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் பொல்லாதது.

யாழ்ப்பாணத்துக்கு அன்ரனா புதிதல்ல. எண்பதுகளில் கொடைக்கானல் தூரதர்ஷனைப் பிடிக்க இங்கே வீட்டுக்கு வீடு உயரக் குழாய் நட்டார்கள். அதன் உச்சியில் மீன்முள் போன்ற அன்ரனா. ஒருவர் கீழே நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவர் வீட்டுக்குள் இருந்து கத்துவார்: "கொஞ்சம்... கொஞ்சம்... சரி, விடு! ஐயோ, போட்டுது!" அப்புறம் இந்திய டிஷ்கள் வந்தன. அந்தச் சட்டியின் வேலை சுலபமானது. பரவி வரும் அலையை வளைவில் வாங்கி, முன்னால் நீட்டியிருக்கும் தலையில் ஒரே புள்ளியாகக் குவிக்கிறது. ஒருமுறை திசை பிடித்து முடுக்கிவிட்டால், துருப்பிடித்து விழும்வரை அதைத் தொடத் தேவையில்லை. உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடிக்கும் என்பது வேறு கதை.

அது அசையாமல் இருக்க முடிவதற்குக் காரணம், அது பார்க்கும் செய்மதியும் அசையாமல் நிற்பது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை விட்டால், அது பூமியைச் சுற்றிவரும் நேரமும் பூமி தன்னைச் சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். கீழே இருப்பவனுக்கு அது ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நிற்கும். அப்படி மூன்றை வைத்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945 ஒக்ரோபரில் ஒரு கட்டுரையில் எழுதிக் காட்டியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையிலேயே குடியிருந்து, 2008இல் கொழும்பிலேயே காலமானவர். இந்த விஷயத்தில் நமக்கும் ஒரு ஒட்டுறவு உண்டு.

படம் பார்க்க அந்த உயரம் போதும். இணையத்துக்குத்தான் சரிவராது. நீங்கள் ஒரு பக்கத்தைத் தட்டினால், கோரிக்கை மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே ஏறி, உங்களிடம் இறங்க வேண்டும். நான்கு தடவை கூட்டினால் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரைச் செக்கன். வெளிநாட்டுக்குப் பேசும்போது நீங்கள் "ஹலோ" சொல்ல, அவர்களும் "ஹலோ" சொல்ல, இரண்டும் முட்டிக்கொண்டு நின்ற பழைய காலத்து அழைப்புகள் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது.

ஆகவே செய்மதியைக் கீழே இறக்கினார்கள். ஸ்டார்லிங்கின் பெரும்பாலான செய்மதிகள் 500, 550 கிலோமீற்றர் அளவில் சுற்றுகின்றன. தூரத்தால் வரும் தாமதம் சில மில்லிசெக்கன்களுக்கு இறங்கிவிட்டது. ஆனால் இறக்கியதும் வேறொரு பிரச்சினை தலைதூக்கியது. அந்த உயரத்தில் நிற்க வேண்டுமென்றால் செக்கனுக்கு 7.6 கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்த செய்மதி கொழும்புக்கு மேலே போக 40 செக்கன் போதும். சில நிமிடங்களில் அது அடிவானத்தில் மறைந்துவிடும், அடுத்தது வேறு திசையிலிருந்து வரும். ஸ்டார்லிங்கின் வலையமைப்பு 15 செக்கனுக்கு ஒருமுறை எந்தப் பலகை எந்தச் செய்மதியோடு பேச வேண்டும் என்று புதிதாகப் பங்கிடுகிறது. குழாயைப் பிடித்துத் திருப்பியவரைப் பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை, இரவு பகலாக, வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குத் திருப்பச் சொன்னால் என்ன செய்வார்? மோட்டார் பூட்டிய சட்டியும் அதையேதான் செய்யும்.

சட்டி போய்ப் பலகை வந்தது இதனால்தான்.

பலகையின் வெள்ளை முகத்துக்குக் கீழே, ஒரு அங்குலத்தில் பாதி இடைவெளியில், சின்னச் சின்னச் செப்பு வட்டங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனி அன்ரனா. 2020இல் வந்த முதல் வட்டத் தட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஆயிரத்து இருநூறுக்கு மேல் எண்ணினார்கள். இடைவெளி ஏன் அவ்வளவு? செய்மதியிலிருந்து இறங்கும் அலை 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது, அதன் அலைநீளம் 2.5 சென்ரிமீற்றர். அதில் பாதி இடைவெளியில் வைத்தால்தான் கற்றை ஒரே திசையில் போகும். அகட்டி வைத்தால் வேண்டாத திசையிலும் ஒரு கற்றை முளைக்கும்.

இந்த ஆயிரம் அன்ரனாக்களும் எப்படி ஒரே சட்டியாகின்றன? கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். ஒருவன் இப்போது, இன்னொருவன் கொஞ்சம் கழித்து என்று இழுத்தால் வலை நகராது. அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் ஒன்றாக இழுத்தால் வரும். ஆயிரம் பலவீனமான அலைகள் ஒரே தாளத்தில் சேரும்போது ஒரு பலமான கற்றை கிடைக்கிறது. சரி, அதைத் திருப்புவது எப்படி? கீரிமலைக் கேணியின் ஒரு கரையில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் தண்ணீரைத் தட்டினால் அலை நேரே எதிர்க்கரைக்குப் போகும். இடப்பக்கப் பிள்ளை முதலில் தட்டி, அடுத்தது ஒரு கணம் பிந்தி, அதற்கடுத்தது இன்னுமொரு கணம் பிந்தி என்று தட்டினால், அலை வலப்பக்கம் சாய்ந்து போகும். பிள்ளைகள் யாரும் இடம் மாறவில்லை. நேரம்தான் மாறியது.

பலகை செய்வதும் இதையேதான், ஆனால் கணத்தின் அளவு வேறு. கற்றையை 30 பாகை சாய்க்க வேண்டும் என்றால், பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு இடையே ஒரு செக்கனின் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம் வேண்டும். அதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வட்டங்களுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அடுத்த செய்மதிக்குத் தாவும்போது எல்லாவற்றையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மாற்றி எழுத வேண்டும்.

இந்தக் கலை பழையது. 1983இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றில் சேவைக்கு வந்த ஏஜிஸ் ரேடாரின் ஒவ்வொரு முகத்திலும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இப்படியான உறுப்புகள் இருந்தன. கற்றை திருப்புவது அன்றைக்கே தெரிந்த வித்தை. அதன் விலையைப் பற்றி எந்தக் கடற்படையும் கவலைப்படவில்லை, அவ்வளவுதான். விமானங்களின் முதுகில் பூட்டும் இதே வகை அன்ரனாக்கள் இன்றைக்கும் பல பத்தாயிரம் டொலர் விலை. வேலணை வீட்டு முற்றத்தில் அந்த அம்மா பலகை என்று சொன்னது, பரம்பரையில் பார்த்தால் ஒரு போர்க்கப்பல் ரேடாரின் பேரப்பிள்ளை.

விலையை இறக்கிய கதை சிப்பில் தொடங்குகிறது. முந்தி ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனிச் சாதனம் பூட்டினார்கள். இப்போது தாமதம் கொடுப்பது, பெருக்குவது, அனுப்புவதா வாங்குவதா என்று மாற்றுவது எல்லாவற்றையும் ஒரு சின்னச் சிலிக்கன் சிப்புக்குள் அடைத்துவிட்டார்கள். ஒரு சிப் பல வட்டங்களைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டார்லிங்குக்கு இவற்றைச் செய்துகொடுப்பது எஸ்ரிமைக்ரோஎலெக்ட்ரோனிக்ஸ் என்ற பிராங்கோ-இத்தாலிய நிறுவனம். சிப்பின் விலை எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரம் அடித்தால் பொன் விலை, கோடி அடித்தால் கடலை விலை. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு விற்போம் என்ற துணிவு இல்லாவிட்டால் அந்தச் சிப்பை அடிக்கவே தொடங்க முடியாது. விற்பனை வருமுன் தொழிற்சாலை, தொழிற்சாலை வருமுன் சிப், சிப் வருமுன் விற்பனை. இந்த வட்டத்தை உடைக்கக் காசு கொட்டத்தான் வேண்டும்.

அதைவிடக் கரைச்சல் பிடித்தது சுற்று அட்டை. ரேடியோக் கடைகளில் பார்க்கும் பச்சை அட்டையில் 12 கிகாஹேர்ட்ஸ் அலையை ஓட விட்டால், போகிற வழியிலேயே பாதி சூடாகிக் கரைந்துவிடும். இழப்புக் குறைந்த வேறு பொருளில் அட்டை செய்ய வேண்டும், அது விலை கூடியது. இங்கே அட்டை வெறுமனே சிப்புகளைத் தாங்கும் பலகையும் இல்லை, அதிலுள்ள செப்பு வட்டங்களே அன்ரனா. 7, 8 மில்லிமீற்றர் அளவிலான ஒரு வட்டம் ஒரு தலைமயிரின் தடிப்பு அளவுக்குப் பிழைத்தால், அது இசைந்திருக்கும் அலைவரிசை ஒரு சதவீதம் விலகிப்போகும். அனுப்பும் அலைவரிசை 14 கிகாஹேர்ட்ஸ் அளவில், வாங்குவது 10.7 முதல் 12.7 வரை. இரண்டையும் ஒரே வட்டம் சமாளிக்க வேண்டும் என்பதால், கீழே ஒரு வட்டம், நடுவில் தேன்கூடு போன்ற வெறும் இடைவெளி, மேலே இன்னொரு வட்டம் என்று அடுக்குகிறார்கள். அந்த இடைவெளி பலகை முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும்.

இனி அந்த அட்டையை அடுப்பில் போட வேண்டும். பற்றாசு உருகிச் சிப்புகள் ஒட்ட, அட்டை 240 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டுக்குள்ளால் போய் வர வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் உள்ளங்கை அட்டை என்றால் பிரச்சினை இல்லை. இரண்டடி அட்டை அப்பளம்போல வளையும். வளைந்தால் சிப்பின் வயிற்றுக்கடியில் இருக்கும் பற்றாசுப் புள்ளிகளில் சில ஒட்டாமல் போகும். கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வழமையான தொழிற்சாலை வரிசைகள் இந்த அளவு அட்டைக்குச் செய்யப்பட்டவையும் அல்ல.

செய்து முடித்த பிறகு சோதனை. ஓர் அன்ரனா சரியா என்று பார்க்க, கூம்புப் பஞ்சு ஒட்டிய எதிரொலியற்ற அறைக்குள் வைத்து, எல்லாத் திசையிலும் அளப்பதுதான் முறை. ஆய்வுகூடத்தில் இதற்கு மணிக்கணக்கு ஆகும். ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் செய்கிற இடத்தில் மணிக்கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறுதலாக ஒன்று இருக்கிறது: ஆயிரம் பேர் வடம் பிடிக்கும் தேரில் இருவர் கையை விட்டாலும் தேர் நிற்காது. ஓரிரண்டு வட்டங்கள் செத்துப்போனாலும் கற்றை கொஞ்சம் மெலியும், பலகை வேலை செய்யும்.

ஆரம்பத்தில் இதையெல்லாம் சேர்த்து ஒரு தட்டுச் செய்ய ஸ்பேஸ்எக்ஸுக்கு 3,000 டொலர் போனது. 2021 ஏப்ரலில் அதை 1,500க்குக் கீழே இறக்கிவிட்டோம் என்றார் அந்த நிறுவனத்தின் தலைவர் குவின் ஷொட்வெல். வாடிக்கையாளரிடம் வாங்கியதோ 499 டொலர். விற்ற ஒவ்வொரு தட்டிலும் நட்டம்! 2023 செப்ரெம்பரில்தான் இனி நட்டத்துக்கு விற்கவில்லை என்று அறிவித்தார்கள். அதே ஆண்டின் கடைசியில் ரெக்ஸாஸில் பாஸ்ட்ரொப் என்ற ஊரில் இந்தப் பெட்டிகளுக்கென்றே பெரிய தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இறங்கிய விலையின் தடயங்களை அந்த வேலணைப் பலகையிலேயே பார்க்கலாம். முதல் இரண்டு வகைகளில் தட்டைச் சாய்க்க மோட்டார் இருந்தது, இதில் இல்லை. உங்கள் கையாலேயே சாய்த்து வைக்க வேண்டும். முந்திய வகையின் கேபிள் அவர்களுக்கென்றே செய்த சொருகி, அது பழுதானால் அவர்களிடமே போக வேண்டும். இதிலிருப்பது கணினிக் கடையில் பார்க்கும் சாதாரண வலையமைப்புச் சொருகி. உப்புக்காற்றுக்கு முதலில் சாகப் போவது சொருகிதான் என்பதால், எங்களுக்கு இது நல்ல செய்தி.

மென்பொருளில் ஒரு வேடிக்கை: பனி உருக்கும் வசதி. தட்டின் மீது பனி விழுந்தால் தன்னைத் தானே சூடாக்கி உருக்கிக்கொள்ளும். வேலணையில் அதை நிறுத்தி வைக்கும்படி நண்பனிடம் சொன்னேன். இங்கே கவலைப்பட வேண்டியது மறுபக்கம். 50 பாகை வரை தாங்கும் என்று எழுதியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு மேலே அதைப் போட்டால் அந்தக் கணக்கு நெருக்கடிக்கு வந்துவிடும். தகரத்தில் வைக்காதீர்கள்.

மேலே பறப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உற்பத்திக் கோணத்தில் மட்டும் ஒன்றிரண்டு. ஆணி அடித்தாற்போல நிற்கும் பழைய வகைச் செய்மதி ஒன்றை வருடக்கணக்கில் கையால் கட்டுவார்கள், பதினைந்து வருடம் உழைக்க வேண்டும், விலை பல கோடி டொலர். வொஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் செய்யப்படும் ஸ்டார்லிங்க் செய்மதியின் ஆயுள் ஐந்து வருடம். 2019 மேயில் முதல் 60ஐ அனுப்பியபோது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 230 கிலோவில், தட்டையாக, தோசை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏற்றினார்கள். 2025 கடைசியில் மேலே 9,000 அளவில் இருந்தன. ஐந்து வருடத்தில் ஒவ்வொன்றும் எரிந்து விழுமென்றால், இருக்கிற எண்ணிக்கையைக் காப்பாற்றவே ஒரு நாளைக்கு ஐந்து புதிதாகச் செய்ய வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், இது விண்வெளித் தொழில் என்பதைவிட வாகனத் தொழிற்சாலைக்குக் கிட்டவானது என்று எனக்கு உறைத்தது. செய்மதிகளை நகர்த்த முதலில் கிரிப்தன் வாயுவைப் பாவித்தார்கள், 2023இல் வந்த பெரிய வகைக்கு ஆர்கனுக்கு மாறினார்கள். ஆர்கன் என்றால் வெல்டிங் கடையில் சிலிண்டரில் நிற்கும் அதே வாயு. கிரிப்தனைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

தொழிற்சாலை வேகத்துக்கும் ஒரு தண்டனை உண்டு. 2022 பெப்ரவரியில் ஏவிய 49இல் 40 அளவில் சூரியப் புயலில் அடிபட்டு, உரிய உயரத்துக்கு ஏறாமலே வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தன. பழைய வகையில் ஒன்று போனாலே ஒரு நிறுவனம் ஆட்டம் காணும். இவர்கள் அடுத்த தொகுதியை ஏற்றினார்கள்.

போட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். 1,200 கிலோமீற்றர் உயரத்தில் வன்வெப். புளோரிடாவில் எயார்பஸ்ஸோடு சேர்ந்து தொழிற்சாலை போட்டவர்கள், 2022இலும் 2023இலும் 36, 36 ஆக இஸ்ரோவின் ரொக்கெற்றில் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏற்றியவர்கள். அமேசன் 2025 ஏப்ரலில் முதல் 27ஐ அனுப்பியது. கவனிக்க வேண்டியது, அமேசன் 2023இலேயே பெருமையாகச் சொன்ன விஷயம் ரொக்கெற்றைப் பற்றியது அல்ல, 11 அங்குலச் சதுரப் பலகையை 400 டொலருக்குள் செய்துவிடுவோம் என்பது. எங்கே சண்டை நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இலங்கையின் தொலைத்தொடர்புச் சட்டம் 2024 ஜூலையில் திருத்தப்பட்டு, ஓகஸ்ட்டில் ஸ்டார்லிங்குக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டு, 2025 ஜூலை 2இல் சேவை தொடங்கியது. தொடங்கியபோது பெட்டி ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டியது, மாதக் கட்டணம் பத்தாயிரத்தைத் தாண்டியது.

பூகோளம் எங்களுக்கு இரண்டு விதத்தில் குறுக்கே நிற்கிறது. முதலாவது, இந்தச் செய்மதிகளின் பாதைகளில் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு 53 பாகை, 43 பாகை என்று சாய்ந்தவை. அப்படிச் சாய்ந்து சுற்றும் செய்மதிகள் அந்த அகலக்கோடுகளுக்குக் கிட்டத்தான் நெருக்கமாகும். 9.7 பாகையில் இருக்கும் எங்களுக்கு மேலே அவை கலைந்து, ஐதாகப் போகின்றன. இலண்டன் வானத்தில் இருப்பது எங்கள் வானத்தில் இல்லை.

இரண்டாவது அதைவிடச் சுவையானது. பழைய டிஷ் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரு வளையமாக நிற்கின்றன என்றேனே, அவையும் கிட்டத்தட்ட இதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. புதிதாக வந்தவர்கள் அவற்றின் பேச்சைக் கெடுக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. ஆகவே பலகை அந்த வளையத்தின் திசையிலும் அதற்கு இரண்டு பக்கமும் பல பாகைக்கும் கற்றையைத் திருப்பாது. இலண்டனில் அந்த வளையம் தெற்கு வானத்தில் தாழ்வாகக் கிடக்கும், அவ்வளவு இடைஞ்சல் இல்லை. யாழ்ப்பாணத்தில் அது உச்சியிலிருந்து 11 பாகை மட்டும் தெற்கே, கிழக்கு மேற்காக வானத்தையே இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. செய்மதி மிகக் கிட்டத்தில் இருக்கும் இடம், கற்றை மிகப் பலமாக இருக்கும் இடம், நேர் உச்சி. அங்கேதான் எங்களுக்கு வேலி போட்டிருக்கிறது! ஓரமாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. தட்டையான பலகைக்கு ஓரப்பார்வை பலவீனம். 60 பாகை சாய்த்துப் பார்த்தால், செய்மதிக்குத் தெரிவது பலகையின் பாதிப் பரப்பு மட்டும்.

ஓரமாகப் பார்க்கும்போது குறுக்கே வருவது பனை. தென்னை ஓலை காற்றுக்கு விலகிக் கொடுக்கும். பனந்தலை இறுகிய கறுப்புக் குடை, அதுவும் மழை நேரத்தில் ஈரத்தோடு நிற்கும். கைபேசிச் செயலியில் வானத்தின் படம் ஒன்று வரையப்படும். பலகை எந்தெந்தத் திசையில் மறைக்கப்படுகிறது என்று பன்னிரண்டு மணி நேரத்தில் அதுவே கண்டுபிடித்துச் சிவப்பால் பூசும். வேலணை வீட்டின் படத்தில் வடக்குப் பக்கமாக ஐந்து சிவப்புப் பொட்டுகள். வெளியே வந்து எண்ணினால் வேலி ஓரத்தில் ஐந்து பனை. அந்தப் பொட்டுக்குப் பின்னால் செய்மதி போகும் ஒவ்வொரு தடவையும் அழைப்பு ஒரு கணம் விக்கும்.

மாரியில் மழையும் சேரும். 2.5 சென்ரிமீற்றர் அலைக்கு மழைத்துளி ஒன்றும் தூசு இல்லை, ஒவ்வொரு துளியும் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் சிதறடிக்கும். கார்த்திகை அடைமழையில் சில நிமிடம் நின்று வரும். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய நோய்தான்.

மின்சாரக் கணக்கை யாரும் முதலில் சொல்வதில்லை. ஆயிரம் சின்னப் பெருக்கிகளும் இரவு பகலாக விழித்திருப்பதால் பலகை 75 முதல் 100 வாட் வரை தின்னும். மாதத்துக்கு 54 முதல் 72 யுனிற். எங்கள் மின்கட்டணப் பட்டியலில் 60 யுனிற் என்பது ஒரு படி, அதைத் தாண்டினால் விலை கூடும். சிக்கனமாக இருக்கும் ஒரு வீடு முழு மாதமும் பாவிக்கும் மின்சாரத்தை இந்தப் பலகை ஒன்றே குடித்துவிடும். 25 முதல் 40 வாட்டில் ஓடும் சின்ன வகையும் இருக்கிறது, பாரம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பற்றரியிலும் சூரியத் தகட்டிலும் ஓட்ட வேண்டிய இடங்களுக்கு அதுதான் வாசி. பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. வாட் கணக்குப் பார்ப்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத பாடம்.

யார் வாங்கலாம்? யாழ் நகரத்தில், திருநெல்வேலியில், நல்லூரில் வீட்டு வாசலில் பைபர் கம்பி போகும்போது இதை வாங்குவது காசைக் கரைக்கிற வேலை. பைபர் மலிவு, வேகம், மழைக்குப் பயப்படாது. நெடுந்தீவு வேறு. கடலைத் தாண்டிப் போகும் இணைப்பு, டீசல் மின்பிறப்பாக்கி, குறிகட்டுவானில் இருந்து படகு. நயினாதீவு, அனலைதீவோடு சேர்த்து அங்கே சூரிய, காற்று மின் நிலையம் கட்ட இந்திய உதவியில் 2024இல் ஒப்பந்தம் ஆனது. ஒரு பாடசாலையோ ஆஸ்பத்திரியோ பிரதேச செயலகமோ ஒரு பலகையை வைத்துச் சுற்றியிருப்போருக்குப் பங்கிட்டால் கணக்குச் சரிவரும். வீட்டுக்கு ஒன்று என்றால் வராது. ஒரு வட்டாரத்துக்குச் செய்மதி கொடுக்கும் கொள்ளளவும் எல்லோருக்கும் பொது. பலகை கூடக் கூடப் பங்கு சிறுக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டியபோது, கம்பி அறுந்து, கரண்ட் போய், கோபுரங்கள் ஊமையாக நின்றதைப் பார்த்தோம். அப்படியான நாட்களுக்கு, உள்ளூர்க் கம்பியையும் கோபுரத்தையும் நம்பாத இந்தப் பலகைகள் மாவட்டத்துக்குச் சிலவாவது பூட்டித் தயாராக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

வேலணைப் பலகையின் கதையை முடிக்கவில்லை. பனையைத் தறிக்கலாமா என்று நண்பன் மெல்ல இழுத்துப் பார்த்தான். தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு முதல் அம்மாவிடம் எடுக்க வேண்டும். "உதில கை வைக்காதை. உன்ர பாட்டன் வைச்ச பனை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கடைசியில் தண்ணீர்த் தாங்கியின் மேலே, இரும்புக் குழாய் நட்டு, பனந்தலைகளுக்குச் சமமான உயரத்தில் பலகையைப் பூட்டினோம். எண்பதுகளில் அவனுடைய அப்பா கொடைக்கானலுக்காக நட்டு, பிறகு உடுப்புக் காயப்போடும் கொடிக்கு முண்டாக நின்ற அதே குழாய். சிவப்புப் பொட்டு ஐந்தில் நான்கு போய்விட்டது.

மாமி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இப்ப எந்தப் பக்கத்தைப் பாக்குது, தம்பி?"

"வடக்கை, மாமி" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் அது வேறொன்றுக்கு மாறியிருக்கும்.